துறைமுக வணிகரின் எச்சம்: வாம்போவாவும் வாப்பிச்சி மரைக்காரும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆசியக் கரையோரங்களில் எழுந்த துறைமுகப் பட்டினங்களின் வரலாறு பெரும்பாலும் தேசாதிபதிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. சிங்கப்பூரை இராபிள்சு நிறுவினார் என்றும், கொழும்பு நூதனசாலையைக் கிரெகரி அமைத்தார் என்றும் பாடநூல்கள் கூறுகின்றன. இக்கூற்றுகள் பொய்யல்ல, ஆயின் முழுமையும் அல்ல. கப்பலுக்கு உணவு ஏற்றியவரும், கட்டடத்துக்குக் கல்லும் மரமும் சேர்த்தவரும், வந்திறங்கிய ஆட்சியாளருக்கும் அங்கு வாழ்ந்த மக்களுக்கும் இடையே நின்று பேசியவரும் இவ்வூர்களின் உருவாக்கத்தில் பெற்ற பங்கு தனியே நோக்கத்தக்கதாகும்.

அத்தகையோருள் இருவரை ஈண்டு ஒப்புநோக்க விழைகின்றோம். ஒருவர் சிங்கப்பூரில் வாழ்ந்த சீன வணிகர் ஹூ ஆ கே (1816–1880). மற்றவர் கொழும்பில் வாழ்ந்த சோனகக் கட்டட ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரைக்கார் (1829–1925). மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இவ்விருவரையும் இணைப்பது அவர்கள் வாழ்ந்த காலமும் செய்த தொழிலின் இயல்புமாகும். ஒருவர் விட்டுச்செல்வதை ‘எச்சம்’ எனத் தமிழ் மரபு குறிக்கும். வணிகர் ஒருவர் விட்டுச்செல்வனவற்றுள் எது நிலைக்கிறது, எது அழிகிறது, ஏன் என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

வாம்போவா: பெயரும் தொழிலும்

சீனாவின் கன்ரன் நகரை அடுத்துள்ள வாம்போவா என்னும் ஊரிற் பிறந்த ஹூ ஆ கே, 1830ஆம் ஆண்டில், பதின்பருவத்தைத் தாண்டாத நிலையிலேயே சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். அவருடைய தந்தையார் அங்கு ஊர்ப்பெயராலேயே ஒரு வணிக நிலையம் நடத்திவந்தார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு இறைச்சி, ரொட்டி, காய்கறி முதலியவற்றை வழங்குவதே அதன் தொழில். நிலையத்தின் பெயர் நாளடைவில் மனிதரின் பெயராயிற்று. ஐரோப்பியர் அவரை ‘வாம்போவா’ என்றே அழைத்தனர். அப்பெயரே வரலாற்றில் நிலைத்தது.

இராபிள்சு 1819இல் வந்திறங்கியதன் பின் சிங்கப்பூர் பெற்ற வளர்ச்சிக்கு அதன் திறந்த துறைமுகக் கொள்கையும், சீனத்துக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட அதன் அமைவிடமும் காரணங்களாயின. அங்கு நங்கூரமிட்ட ஒவ்வொரு கப்பலுக்கும் நீரும் உணவும் வேண்டியிருந்தன. பிரித்தானியக் கடற்படைக்கு உணவு வழங்கும் உரிமை வாம்போவாவின் கைக்கு வந்தது. ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசவல்ல அவர் கப்பற் தலைவர்களோடும் படைத்தளபதிகளோடும் நட்புக்கொண்டார். எனினும் தம் சீன உடையையும் பின்னற் சடையையும் இறுதிவரை விட்டாரல்லர். ஆட்சியாளரின் மொழியை ஏற்றுத் தம் இனத்தின் தோற்றத்தைப் பேணிய இந்த நடுநிலையே அவருடைய செல்வாக்கின் அடிப்படை எனலாம்.

அவருடைய முயற்சிகள் யாவும் வெற்றிபெறவில்லை. 1854ஆம் ஆண்டில் கில்பேட் அங்கஸ் என்பவரோடு சேர்ந்து அமெரிக்காவிலிருந்து இயற்கைப் பனிக்கட்டியைக் கப்பலில் வருவித்து விற்க முற்பட்டார். வெப்பமண்டலத் துறைமுகமொன்றிற் பனிக்கட்டி விற்கும் அத்தொழில் இலாபம் தரவில்லை. ஆயினும் உலக வணிகத்தின் எல்லைகளை அவர் எவ்வளவு விரிவாக நோக்கினார் என்பதற்கு இம்முயற்சி தக்க சான்றாகும்.

1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் பொறுப்பிலிருந்து நீங்கி முடிக்குரிய குடியேற்ற நாடாயின. இரண்டு ஆண்டுகளின் பின், 1869இல், அதன் சட்டநிரூபண சபைக்கு வாம்போவா நியமிக்கப்பட்டார். அச்சபையில் அமர்ந்த முதற் சீனர் அவரே. 1876இல் பிரித்தானிய அரசின் சீ.எம்.ஜீ. விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. ரஷ்யா, சீனா, யப்பான் ஆகிய மூன்று அரசுகளுக்கும் ஒரே காலத்தில் அவர் சிங்கப்பூரில் தூதுவராகப் பணியாற்றினார். சீன அரசு 1877இல் அங்குத் தன் தூதரகத்தை நிறுவியபோது அப்பொறுப்பை ஏற்றவரும் அவரே. ஒரு குடியேற்ற நாட்டின் குடிமகன் மூன்று பேரரசுகளின் குரலாகவும் விளங்கியமை, துறைமுக வணிகரின் கையில் அரசியல் எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைக் காட்டும். 1880ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆம் நாள் அவர் காலமானார். அவரது உடல் கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்டுப் பிறந்த ஊருக்கு அண்மையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

இரண்டு தோட்டங்கள்

வாம்போவாவின் எச்சத்தை ஆராய்வதற்கு அவருடைய வாழ்வோடு தொடர்புற்ற இரண்டு தோட்டங்களை நோக்குதல் போதுமானது.

முதலாவது, சிராங்கூன் வீதியில் அவர் தமக்கென அமைத்த தோட்டமாகும். விலங்குருக்களாகக் கத்தரிக்கப்பட்ட செடிகளும், குள்ள மரங்களும், குளங்களும் நிறைந்த அத்தோட்டம் சீனப் புத்தாண்டுக் காலத்திற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சிங்கப்பூருக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் அதனைக் காணாது சென்றது அரிது. அவர் மறைந்த பின் அது வேறொரு சீன வணிகரான சியா லியாங் சியாவின் கைக்கு மாறிப் ‘பெண்டமீர்’ எனப் புதுப்பெயர் பெற்றது. 1964இல் அவ்வில்லம் இடிக்கப்பட்டது. அப்பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. இன்று வாம்போவா என்பது ஒரு குடியிருப்பின் பெயர். ஒரு சந்தையின் பெயர். ஓர் ஆற்றுக் கிளையின் பெயர். அப்பெயரை நாள்தோறும் உச்சரிப்போரிற் பலர் அது ஒரு மனிதரைக் குறித்தது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது தோட்டத்தின் கதை வேறு. தாங்லினில் வாம்போவாவுக்கு உரியதாயிருந்த ஏறத்தாழ 60 ஏக்கர் நிலம், 1859ஆம் ஆண்டளவில், ஆற்றங்கரையிலிருந்த வேறு நிலத்துக்கு மாற்றாக அரசிடம் சென்றது. அந்நிலத்திலேயே விவசாய, தோட்டக்கலைக் கழகத்தினர் ஒரு பூங்காவை அமைத்தனர். 1874இல் அரசு அதனைப் பொறுப்பேற்றது. 1877இல் இறப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. அதற்கு முந்திய ஆண்டில், 1876இல், இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் இறப்பர் நடப்பட்டிருந்தமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி றிட்லி, மரத்தைக் கொல்லாது பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். மலாயாவின் இறப்பர்த் தொழிலும், அதன் வழியே பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரின் புலம்பெயர்வும் அப்பூங்காவின் ஆய்வோடு தொடர்புடையன. 2015இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது.

இங்கு ஒரு முரண் புலப்படுகின்றது. வாம்போவா விரும்பி அழகுசெய்த தோட்டம் அழிந்தது. அவர் கைமாற்றிக் கொடுத்த நிலம் நிலைத்தது. தாங்லின் நிலத்தைக் கொடை எனக் கூறுதல் பொருந்தாது. அது வணிகர் ஒருவர் செய்த நிலமாற்றமே. எனினும் தனியாரின் கையை விட்டு நீங்கிப் பொதுநிறுவனமொன்றின் கையைச் சேர்ந்தமையாலேயே அது ஒன்றரை நூற்றாண்டைக் கடந்தது. எண்ணத்தினும் ஏற்பாடே எச்சத்தைக் காக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

வாப்பிச்சி மரைக்கார்: கல்லும் கல்வியும்

சிங்கப்பூரின் உணவு வழங்குநருக்கு நிகரான இடத்தைக் கொழும்பிற் பெற்றோர் கட்டட ஒப்பந்தகாரர் ஆவர். கோப்பிப் பயிர்ச்செய்கையின் வளர்ச்சியும் புகையிரதப் பாதையும் கொழும்பை இலங்கையின் வணிகத் தலைநகராக்கின. 1875இல் அலைதாங்கிச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அது நிறைவெய்தியபோது, காலித் துறைமுகம் அதுகாறும் பெற்றிருந்த முதன்மையைக் கொழும்பு முற்றாகப் பெற்றது. வளரும் நகருக்கு அலுவலகங்களும் பண்டகசாலைகளும் பொதுக்கட்டடங்களும் தேவைப்பட்டன. அரசின் பொதுவேலைப் பகுதியினர் வரைந்த படங்களைக் கல்லாகவும் சுண்ணாம்பாகவும் மாற்றிய ஒப்பந்தகாரருள் முதன்மையானவர் வாப்பிச்சி மரைக்கார்.

தேசாதிபதி வில்லியம் கிரெகரியின் ஆட்சிக்காலத்தில், சிமிதர் என்னும் கட்டடக் கலைஞரின் படத்தைக் கொண்டு அவர் கட்டி முடித்த கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் திறக்கப்பட்டது. அவ்விழாவைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு செய்தி உண்டு. சிறந்த பணிக்கு யாது மதிப்பு வேண்டும் எனத் தேசாதிபதி வினவியபோது, பட்டமோ பதவியோ கேளாது, முஸ்லிம்களின் தொழுகை நாளாகிய வெள்ளிக்கிழமையில் நூதனசாலை மூடப்பட்டிருத்தல் வேண்டும் என அவர் வேண்டினார் என்பர். வாய்மொழி மரபு என்ற அளவில் மட்டுமே இதனைக் கொள்கின்றோம். எனினும் ஒரு சமூகம் தன் முன்னோரைப் பற்றி எதனை நினைவிற் கொள்ளத் தெரிந்தெடுக்கிறது என்பதும் வரலாற்றுச் சான்றேயாகும். வாம்போவாவைப் பற்றிய செய்திகள் அவர் பெற்ற விருதுகளைப் பேசுகின்றன. மரைக்காரைப் பற்றிய செய்தி அவர் சமூகத்துக்காகக் கேட்ட ஒரு நாளைப் பேசுகின்றது.

மரைக்காரின் பெயரை நிலைநிறுத்தியது நூதனசாலையன்று. அக்கட்டடம் அரசுக்குரியது, அதனைக் காணச் செல்வோர் கட்டியவரை வினவுவதில்லை. அவர் பெயரை நிலைநிறுத்தியது 1892ஆம் ஆண்டில் மருதானையில் தொடங்கப்பட்ட அல் மத்ரஸதுஸ் ஸாஹிரா என்னும் கல்விக்கூடமே. இலங்கை முஸ்லிம்கள் மதமாற்றத்துக்கு அஞ்சி ஆங்கிலக் கல்வியைப் புறக்கணித்திருந்த காலம் அது. அந்நிலையை மாற்றும் நோக்குடன் சட்டத்தரணி மு. கா. சித்திலெவ்வை (1838–1898) 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883 முதல் இலங்கையில் வாழ்ந்த அறாபி பாஷாவும் அவருக்குத் துணைநின்றார். எண்ணம் சித்திலெவ்வையுடையது, ஊக்கம் அறாபி பாஷாவினுடையது, பொருளும் செயலாண்மையும் மரைக்காருடையன. இம்மூன்றும் கூடியபோது ஸாஹிரா தோன்றியது.

தோன்றியதை வளர்த்தோர் பின்வந்தோர். டீ. பீ. ஜாயா 1921 முதல் 1948 வரையும், ஏ. எம். ஏ. அஸீஸ் 1948 முதல் 1961 வரையும் அதிபர்களாயிருந்து அதனை நாட்டின் முன்னணிக் கல்லூரிகளுள் ஒன்றாக்கினர். வணிகரின் பொருள் தொடங்கிவைத்ததை ஆசிரியரின் உழைப்பு நிலைநாட்டியது.

ஒப்பீடு தரும் முடிபுகள்

இவ்விருவரையும் ஒருங்கு நோக்குமிடத்து மூன்று செய்திகள் புலனாகின்றன.

முதலாவது, இருவர் செல்வத்துக்கும் ஊற்றாயிருந்தது குடியேற்ற அரசின் தேவையே. ஒருவர் அதன் கப்பலுக்கு உணவளித்தார். மற்றவர் அதன் நகருக்குக் கட்டடம் அளித்தார். ஆகவே இவர்களை அந்நிய ஆட்சியை எதிர்த்தோராகவோ அதற்கு அடிபணிந்தோராகவோ மட்டும் காண்பது வரலாற்றைச் சுருக்குவதாகும். அவர்கள் அவ்வாட்சியின் உள்ளே இடம் தேடி, அவ்விடத்தைத் தம் மக்களுக்கும் பயன்படச் செய்தோர்.

இரண்டாவது, அரசியற் பிரதிநிதித்துவம் வணிகரின் வழியாகவே இச்சமூகங்களுக்கு வந்தது. சிங்கப்பூரிற் சீனருக்கு 1869இல் கிடைத்த இடம், இலங்கையில் முஸ்லிம்களுக்கு 1889இலேயே கிடைத்தது. அவ்வாண்டில் சட்டநிரூபண சபையின் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்ட எம். சீ. அப்துல் ரஹ்மானும் வணிகரே. நியமன உறுப்பினர் தம் சமூகத்தின் தெரிவல்லர், தேசாதிபதியின் தெரிவே. செல்வமும் ஆங்கிலத் தொடர்பும் அற்றோரின் குரல் அச்சபைகளிற் கேட்க நெடுங்காலம் சென்றது.

மூன்றாவது, எச்சத்தின் நிலைபேறு சட்ட வடிவத்தால் மட்டும் அமைவதன்று. இதற்குப் பினாங்கு ஒரு சான்றாகும். தென்னிந்தியாவிலிருந்து சென்று அங்கு வணிகராயும் சமூகத் தலைவராயும் விளங்கிய காதர் முகைதீன் என்னும் கப்பித்தான் கெலிங், 1801ஆம் ஆண்டளவில் அரசிடமிருந்து நிலம் பெற்றுப் பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினார். வக்பு சொத்து என்றும் மாறாதது என்பது மார்க்க விதி. ஆயினும் அச்சொத்துகளின் நிருவாகம் சீர்குலைந்தமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு அமைத்த அறநிலையச் சபையொன்றின் பொறுப்புக்கு அவை மாறின. நிலம் தந்தவர் ஒருவர்; விதி வகுத்தது மார்க்கம்; ஆனாற் பேணுவோர் தளர்ந்தவிடத்து அவ்விரண்டும் போதவில்லை. ஸாஹிராவுக்கு ஜாயாவும் அஸீஸும் கிடைத்தமையின் பொருள் இவ்வொப்பீட்டாலேயே தெளிவாகின்றது.

இவ்விடத்து மற்றுமொன்றைக் கூறாதுவிடின் எம் ஆய்வு பக்கச்சார்புடையதாகும். வாம்போவாவின் பண்டகசாலையில் மூட்டை சுமந்த சீனக் கூலிகளின் பெயர்கள் எந்த வீதிக்கும் இடப்படவில்லை. சிங்கப்பூரின் புனித அந்திரேயர் பேராலயத்தையும் தேசாதிபதி மாளிகையையும் தம் கைகளாற் கட்டியோர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். 1873 வரை அவர்கள் அங்கு வைக்கப்பட்டிருந்தனர். நூதனசாலையின் தூண்களை உயர்த்திய கொத்தனாரும் தச்சரும் அவ்வாறே பெயரற்றுப் போயினர். வணிகரின் எச்சம் எனப் போற்றப்படுவதன் கீழ் இவர்களின் உழைப்பு அடித்தளமாய்க் கிடக்கின்றது. வணிகரைத் தேசாதிபதியின் நிழலிலிருந்து மீட்கும் வரலாற்றாசிரியன் தொழிலாளரை வணிகரின் நிழலில் விட்டுவிடுதல் நீதியாகாது.

எம் கரைக்கு இதன் பொருத்தம்

கொழும்பும் சிங்கப்பூரும் கோமாரி முதற் கல்முனை வரையுள்ள கிழக்குக் கரைக்குத் தொலைவானவை. இக்கரை பெருந்துறைமுக நகர் எதனையும் கண்டதன்று; நெல்லும் கடலும் இதன் வாழ்வு. எனினும் மேற்கூறிய வரலாறு எம்மைத் தீண்டாது செல்லவில்லை.

சிங்கப்பூரின் தெலோக் ஆயர் வீதியில், சீனரின் தியான் ஹொக் கெங் கோயிலுக்கு அண்மையில், 1828க்கும் 1830க்கும் இடையிற் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்கா நினைவிடம் உண்டு. அதே சாகுல் ஹமீது வலியின் பெயரால் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் கொடியேறுகின்றது. கடலோடியும் வணிகரும் சென்ற வழியெல்லாம் அவ்வலியின் நினைவும் சென்றது. வங்கக் கடலின் இரு கரைகளையும் இணைத்த அப்பண்பாட்டு வலையின் ஒரு கண்ணி எம் கரையிலும் முடிச்சிடப்பட்டுள்ளது.

கல்வித் துறையில் இத்தொடர்பு மேலும் நேரடியானது. இரண்டாம் உலகப் போர்க்கால உணவு உற்பத்திப் பணிக்காக 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த அஸீஸ், வயலில் விளைவிருந்தும் கல்வியிற் பின்தங்கியிருந்த மக்களை இங்குக் கண்டார். அவ்வனுபவத்தின் பயனாக, 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றியது; வசதியற்ற மாணவர் பலர் அந்நிதியாற் பல்கலைக்கழகம் சென்றனர். மூன்றாண்டுகளின் பின் கொழும்பு ஸாஹிராவின் அதிபர் பதவியை அவர் ஏற்றபோது, கல்முனையிற் கண்ட காட்சியும் அவருடன் சென்றது எனக் கொள்ளுதல் தவறாகாது. 1949இல் கல்முனையிலும் ஸாஹிரா என்னும் பெயருடன் ஒரு கல்லூரி எழுந்தது. மருதானையில் ஒரு கட்டட ஒப்பந்தகாரர் இட்ட வித்து, அரை நூற்றாண்டு கழித்து, கிழக்குக் கரையில் அப்பெயரோடு முளைத்தது. எச்சம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

துறைமுகம் மட்டும் ஓர் ஊரை உயர்த்துமா என்பதற்கும் எம் கரையிலேயே பாடம் உண்டு. 2013இல் ஒலுவிலிற் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. அதன் அயலிலுள்ள கரையைக் கடல் அரித்தது. வணிகம் வளரும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. கல்லாலமைந்த அலைதாங்கியினும், அதே ஒலுவிலில் 1990களில் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகமே இக்கரையின் இளைஞருக்குப் பயன்தரும் துறையாக அமைந்துள்ளது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வாம்போவாவும் மரைக்காரும் நினைவில் நிற்பது அவர்கள் பெருவணிகராயிருந்தமையால் மட்டுமன்று. அவர்களைப் பற்றிய ஏடுகள் எஞ்சியமையாலுமாகும். எம் கரையின் நெல் வணிகர், தோணி உடைமையாளர், நெசவுச் சாலை நடத்தியோர் ஆகியோரின் கணக்கேடுகளும் காணி உறுதிகளும் கடிதங்களும் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை முதற் சாய்ந்தமருது வரை மனித உயிர்களோடு இத்தகைய பெட்டிகளையும் வாரிச் சென்றது. எஞ்சியவற்றையேனும் திரட்டிப் படியெடுத்துப் பல்கலைக்கழக நூலகத்திற் சேர்ப்பது தமிழ்ச் சங்கங்களின் கடனாகும். கணக்கேட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது பழந்தாள். வருங்கால ஆய்வாளனுக்கு அது ஓர் ஊரின் நினைவு. தாங்லின் நிலத்தைப் போன்று அதுவும் தனியார் கையிலிருந்து பொதுவின் கைக்கு மாறும்போதே நிலைபெறும்.